எல்லாம் கச்சிதமாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை விடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புரூஃப் பார்ப்பது என் தொழில். 16 வருடமாகத் தமிழ்ப் புத்தகங்களில் ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். தப்பு கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள் வீட்டுக்கு வந்தும் அதையே செய்தால் என்ன ஆகும் என்பது கழுத்து வலியாகவும் தூக்கமின்மையாகவும் பாதியில் நிற்கும் வேலைகளாகவும் எனக்குத் தெரியவந்தது. அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்த கதையைத் தெரிந்தவர்களிடம் சொன்னபோது ஆளாளுக்குக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. படித்ததும் பட்டதும்தான் இதில் இருக்கிறது.

கச்சிதமாக வேலை செய்வது நல்ல குணம்தானே? அதை ஏன் விட வேண்டும்?

நல்ல குணம்தான், அதை வைத்துக்கொள்ளுங்கள். கச்சிதமாக வராதோ என்ற பயத்தில் ஆரம்பிக்காமலே இருப்பது, முடித்ததைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பது, கொடுத்த பிறகும் ராத்திரி படுத்துக்கொண்டு அதையே நினைத்துப் புரள்வது, இவற்றைத்தான் விடச் சொல்கிறேன். பெர்ஃபெக்ஷனிசம் என்று எல்லோரும் சொல்வது இந்த மூன்றும் சேர்ந்ததைத்தான்.

பள்ளியில் நோட்டு எழுதியது நினைவிருக்கிறதா? பக்கத்தின் கடைசி வரியில் ஒரு எழுத்து பிசகினால் எனக்கு அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுத மனம் வராது, தாளையே கிழிப்பேன். நடுவில் பின் அடித்த நோட்டு அது. பாதியைத் தாண்டிய பிறகு பின்னால் ஒரு தாளைக் கிழித்தால், முன்னால் எப்போதோ ஒழுங்காக எழுதி டீச்சர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஜோடித் தாள் கழன்று கையோடு வந்துவிடும். ஒரு எழுத்துக்காகக் கையெழுத்து வாங்கிய பக்கம் போகும். அதையும் உட்கார்ந்து மறுபடி எழுதுவேன். வருடக் கடைசியில் வகுப்பிலேயே மெலிந்த நோட்டு என்னுடையதாக இருக்கும், அதற்கும் திட்டு வாங்குவேன்.

எனக்கு இருப்பது சோம்பலா, இல்லை இதுவா?

சோம்பலில் ஒரு சுகம் உண்டு. சோம்பேறி இழுத்துப் போர்த்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவார். இதில் சுகமே கிடையாது, வேலையும் நடக்காது, அந்த வேலையைப் பற்றியே நினைத்து நினைத்து வேலை செய்த களைப்பு மட்டும் வந்துவிடும். இரண்டு வரி மின்னஞ்சலுக்கு நாற்பது நிமிடம் ஆகிறதா? அழகான டைரி வாங்கி, நம் கையெழுத்து அதைக் கெடுத்துவிடும் என்று இன்னும் பிரிக்காமல் வைத்திருக்கிறீர்களா? பத்துப் பேர் பாராட்டியதில் ஒருவர் 'ஆனால்' என்று இழுத்தது மட்டும் காதில் நிற்கிறதா? அப்படியானால் நீங்கள் நம்ம ஆள்.

மேசை சுத்தமாக இருப்பதையோ துணியை நேர்த்தியாக மடிப்பதையோ வைத்து முடிவு செய்யாதீர்கள். அமெரிக்க உளவியலாளர் ராண்டி ஃப்ராஸ்ட் தன் குழுவோடு 1990இல் வெளியிட்ட பெர்ஃபெக்ஷனிச அளவுகோலில் 35 வாக்கியங்கள் இருக்கின்றன. அவற்றில் மற்ற எதையும்விட அதிகமாக, 9 வாக்கியங்கள் தப்பு நேர்ந்துவிடுமோ என்ற கவலையைப் பற்றியவை. ஒழுங்கு, நேர்த்தி பற்றிய 6 வாக்கியங்களை வழக்கமாக மொத்த மதிப்பெண்ணில் சேர்ப்பதே இல்லை, மற்றவற்றோடு அது அவ்வளவாக ஒட்டவில்லை என்பதால். அலங்கோலமான அறையில் உட்கார்ந்துகொண்டு ஒரு வாக்கியத்தை முப்பது தடவை மாற்றுகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். முதல் ஆள் நான்.

'செய்வன திருந்தச் செய்' என்றுதானே சின்ன வயதிலிருந்து படித்தோம்? ஔவையார் சொன்னது தப்பா?

தப்பே இல்லை. ஆத்திசூடியில் அதற்கு நாலு வரி தள்ளி 'சோம்பித் திரியேல்' வருகிறது, நாம்தான் முதலாவதை மட்டும் சுவரில் எழுதி மாட்டிக்கொண்டோம். அப்புறம், 'திருந்த' என்ற சொல்லையே கொஞ்சம் பாருங்கள். திருத்துவதற்கு முதலில் ஏதாவது ஒன்று தாளில் இருக்க வேண்டும். வெள்ளைத் தாளைக் கொடுத்தால், இத்தனை வருட அனுபவம் இருந்தும், என்னால் ஒரு ஒற்றைக்கூடத் திருத்த முடியாது.

இது எங்கிருந்து வருகிறது? வளர்ப்பா, சுபாவமா?

இரண்டும்தான், எது எவ்வளவு என்று பிரித்துக்கொண்டிருப்பதில் பெரிய பிரயோஜனம் இல்லை. ஆனால் எந்த வகை என்று தெரிந்துகொள்வது உதவும். கனடாவைச் சேர்ந்த உளவியலாளர்கள் பால் ஹெவிட், கோர்டன் ஃப்ளெட் இருவரும் 1991இல் இதை மூன்றாகப் பிரித்தார்கள். நாமே நம்மிடம் கச்சிதத்தை எதிர்பார்ப்பது ஒன்று. மற்றவர்களிடம் எதிர்பார்ப்பது இன்னொன்று. மற்றவர்கள் நம்மிடம் அதை எதிர்பார்க்கிறார்கள் என்று நாம் நம்பிக்கொண்டிருப்பது மூன்றாவது. மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் நெருங்கிப் போவது இந்த மூன்றாவதுதான்.

தாமஸ் கரன், ஆண்ட்ரூ ஹில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் நாடுகளில் 1989 முதல் 2016 வரை கல்லூரி மாணவர்கள் 41,641 பேரிடம் எடுத்த அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மூன்றுமே கூடியிருந்தன. முதல் வகை 10 சதவீதம், இரண்டாவது 16 சதவீதம், மூன்றாவது 33 சதவீதம். நம் ஊர்ப் பிள்ளைகள் அந்தக் கணக்கில் இல்லை. ஆனால் 98 மார்க் வாங்கிக்கொண்டு வந்து, "மிச்சம் ரெண்டு எங்கே போச்சு?" என்று கேட்கப்பட்ட யாருக்கும், நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று கேட்டு வளர்ந்த யாருக்கும், மூன்றாவது வகையைப் பாடம் நடத்தி விளக்க வேண்டியதில்லை. அந்த நாலு பேரை நான் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

"நாளையிலிருந்து இதை முழுசாக விட்டுவிடுவேன்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், அதுவும் அதே வியாதிதான், சட்டை மட்டும் வேறு.

நான் ஆரம்பித்தது ஒரு சாதாரண நாற்பது பக்க நோட்டில். தினமும் காலையில் காபி ஆறுவதற்குள் மூன்று வரி, பேனாவில். நேற்று என்ன நடந்தது, என்ன சமைத்தேன், யார் போன் செய்தார்கள், எதுவாக இருந்தாலும் சரி. விதி ஒன்றே ஒன்று: அடிக்கலாம், கிழிக்கக் கூடாது. நாலாம் நாளே அவசரத்தில் 'ஞாயிறுக்கிழமை' என்று எழுதிவிட்டேன். மற்றவர்களுக்கு அது ஒன்றுமே இல்லை, புரூஃப் பார்க்கிறவளுக்கு அது கண்ணில் விழுந்த தூசி. அதை அப்படியே விட்டுவிட்டு நோட்டை மூடினேன். குளிக்கும்போது நினைவு வந்தது, பஸ்ஸில் நினைவு வந்தது, மத்தியானம் சாப்பிடும்போது போய்த் திருத்திவிடலாமா என்று இருந்தது. மறுநாள் காலை அதற்குக் கீழேயே அடுத்த மூன்று வரியை எழுதினேன். பத்து நாள் கழித்து அந்தப் பக்கத்தைப் புரட்டியபோது 'ஞாயிறுக்கிழமை' அங்கேயே உட்கார்ந்திருந்தது. வீடு இடியவில்லை, யாரும் வந்து கேட்கவில்லை. ஒன்றும் ஆகாது என்று புத்திக்கு முன்பே தெரியும், உடம்புக்கு அது தெரிய பத்து நாள் ஆனது. தினமும் ஒரு சின்ன வேலை என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். பெரிய முடிவு புத்தியோடு பேசும், தினப் பழக்கம்தான் உடம்போடு பேசும்.

அடுத்த மாதம் இரண்டாவதாக ஒன்றைச் சேர்த்தேன். எந்த வேலையையும் தொடங்குவதற்கு முன்னால், 'முடிந்தது' என்றால் என்ன என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதிவைப்பது. 'இந்த ஃபாரம் (அச்சுக்குப் போகும் ஒரு கட்டுப் பக்கங்கள்), மூன்று தடவை, அவ்வளவுதான்.' 'பதில் அஞ்சல், ஐந்து வரிக்குள், ஒரு முறை படித்துவிட்டு அனுப்பு.' முன்னால் எழுதுவதுதான் முக்கியம், ஏனென்றால் வேலைக்குள் இறங்கிய பிறகு அளவு தானாக ஏறிக்கொண்டே போகும். ஹெர்பர்ட் சைமன் என்ற அமெரிக்க அறிஞர் (1978இல் பொருளாதார நோபல் வாங்கியவர்) 1950களிலேயே இதைச் சொல்லியிருக்கிறார். உலகத்திலேயே சிறந்ததைத் தேடிக் கண்டுபிடிக்க மனிதனிடம் அவ்வளவு நேரமும் கிடையாது, அவ்வளவு தகவலும் கிடையாது, அதனால் போதும் என்ற ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு அதைத் தாண்டுகிற முதல் ஒன்றை எடுத்துக்கொள்கிறான் என்று. 'போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து' என்று நம் வீட்டில் சொல்வார்கள், ஆனால் அதைப் பணத்துக்கு மட்டும்தான் சொன்னார்கள், வீட்டுப்பாடத்துக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

மூன்றாவது, அலாரம். எல்லோரும் ஆரம்பிக்க அலாரம் வைப்பார்கள், நான் நிறுத்த வைக்கிறேன். ராத்திரி 9:30. அடித்தால் லேப்டாப்பை மூட வேண்டும். எனக்கு ஆரம்பிப்பதைவிட நிறுத்துவதுதான் வராத வித்தை என்று புரிந்துகொள்ளவே ரொம்ப நாள் ஆனது.

நாலாவது பத்து நிமிடம் மொட்டைமாடி. போன் இல்லை, ஆடியோ இல்லை, தியானமும் இல்லை. தியானம் என்று பெயர் வைத்தால் அதையும் சரியாகச் செய்கிறேனா என்று பார்க்க ஆரம்பித்துவிடுவேன். சும்மா துணிக்கொடி பக்கத்தில் நிற்பது.

இந்த நாலையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள். மாதத்துக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று வந்தால் அடுத்தது ஓய்வுக்கு.

அலாரம் அடித்தும் நிறுத்த முடியவில்லை என்றால்?

வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்துங்கள். 'இந்தப் பத்தியை மட்டும் முடித்துவிட்டு' என்பதுதான் நம்மை உட்காரவைக்கும் பொய். பாதி வாக்கியத்தில் எழுந்து, 'நாளை இங்கிருந்து' என்று ஒரு வரி குறித்துவிட்டு, போய்த் தண்ணீர் குடியுங்கள். முதல் வாரம் தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல இருக்கும். ஆனால் மறுநாள் காலையில் எங்கே ஆரம்பிப்பது என்று யோசிக்கவே வேண்டியிருக்காது, அது எனக்கு எதிர்பாராத லாபம்.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே?

அந்த 21 மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதியதிலிருந்து கிளம்பியது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குக் கண்ணாடியில் தெரிகிற புது முகம் பழக, குறைந்தது 21 நாள் ஆகிறது என்று அவர் கவனித்தார். அந்தக் 'குறைந்தது' எங்கேயோ வழியில் விழுந்துவிட்டது, முகமும் விழுந்துவிட்டது, எண் மட்டும் ஊர் சுற்றுகிறது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழு 96 பேரை 12 வாரம் கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வு இதைவிட நம்பத்தக்கது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் கால் மணி நேரம் ஓடுவது, மதியம் ஒரு பழம் சாப்பிடுவது மாதிரி சின்னச் சின்ன வேலைகள்தான் அதில். ஒரு வேலை யோசிக்காமலே தானாக நடக்க ஆரம்பிப்பதற்கு ஆனது நடுமதிப்பில் 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை கணக்கு வந்தது, 12 வாரத்தைத் தாண்டியதெல்லாம் போகிற போக்கை வைத்துக் கணித்தது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்கு இருபது நாளில் வந்தது உங்களுக்கு எட்டு மாதம் ஆனாலும் உங்களிடம் கோளாறு ஒன்றும் இல்லை. எனக்கு அந்த நோட்டு கை தானாகப் போகிற அளவுக்கு வர ஏறக்குறைய ஐந்து மாதம் ஆனது.

நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் எல்லாம் வீணா?

அதே ஆய்வு, ஒரு நாள் தவறுவது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்று சொல்கிறது. பாதிப்பது, தவறிய பிறகு நாம் செய்கிற வேலை.

முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்பார்களே, அதை 1975இல் அமெரிக்காவில் மில்க் ஷேக் வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். முதலில் மில்க் ஷேக் குடிக்கவைத்து, பிறகு ஐஸ்கிரீமை ருசி பார்த்துச் சொல்லச் சொன்னார்கள், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். உணவுக் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், வயிறு நிறைந்ததால், குறைவாகச் சாப்பிட்டார்கள். கட்டுப்பாட்டில் இருந்தவர்கள்தான் மில்க் ஷேக் குடித்த பிறகு அதிகமாகச் சாப்பிட்டார்கள். விரதம் கெட்டாயிற்று, இனி என்ன என்று.

நான் வைத்துக்கொண்டிருப்பது இவ்வளவுதான்: விட்ட நாளுக்காக மறுநாள் இரண்டு மடங்கு எழுதுவதில்லை. ஆறு வரி எழுதி ஈடுகட்டினால் அது அபராதம் ஆகிவிடும், அபராதம் கட்டும் இடத்துக்கு யாரும் ஆசையாகப் போகமாட்டார்கள். விட்ட நாளின் தேதியைக்கூட எழுதுவதில்லை.

இப்படி எல்லாவற்றையும் சின்னதாக்கினால் 'அவசரக் கோலம் அள்ளித் தெளித்த கோலம்' ஆகிவிடாதா?

இதை என்னிடம் நேரடியாகக் கேட்டவர் என் அம்மா. பதிலும் அவரிடமே இருந்தது. அம்மா தினமும் வாசலில் போடுவது ஐந்து புள்ளிக் கோலம், இரண்டு நிமிடம்கூட ஆகாது. வெள்ளிக்கிழமை கொஞ்சம் பெரியது. மார்கழியில் தெருவையே அடைப்பார், கலர்ப்பொடி, பூசணிப்பூ எல்லாம் உண்டு. வேலை நாளில் இழை பிசகினால் அழிப்பதில்லை, அந்த இடத்தில் இரண்டு இதழ் கூட்டி ஒரு பூவாக்கிவிட்டு உள்ளே போய்விடுவார். எட்டு மணிக்குப் பேப்பர் போடும் பையனின் சைக்கிள் அதன்மேல் ஏறும், மறுநாள் காலை தண்ணீர் தெளித்துப் புதிதாகப் போடுவார்.

அவசரக் கோலம் என்பது மார்கழிக் கோலத்தை இரண்டு நிமிடத்தில் போடப் பார்ப்பது. ஐந்து புள்ளியை இரண்டு நிமிடத்தில் போடுவது அவசரம் ஆகாது, அதன் அளவே அவ்வளவுதான். சின்னதாக எடுத்துக்கொண்டால் அதை நிதானமாகவே செய்யலாம். நான் பதினைந்து வயதில் தினமும் பதினைந்து புள்ளிக்குக் குறையாமல் போடுவேன் என்று சபதம் செய்து, மூன்றாம் நாளே கோலப்பொடி டப்பாவை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தவள்.

கச்சிதத்தை எதில் விடவே கூடாது?

மாத்திரையின் அளவு, கேஸ் அடுப்பின் ரெகுலேட்டர், பணம் அனுப்பும்போது கணக்கு எண், பிள்ளையின் ஹெல்மெட் கொக்கி. என் வேலையில் அட்டையில் வரும் பெயரும் விலையும். இவற்றுக்கும் கவலைப்பட வேண்டியதில்லை, ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் அடித்தால் போதும். பட்டியல் இப்படி ஒரு கைக்குள் அடங்கும். அடங்கவில்லை என்றால் எதையோ தேவையில்லாமல் உள்ளே விட்டிருக்கிறீர்கள்.

தப்பு எல்லோர் கண்ணிலும் பட்டுவிட்டால்?

பட்டிருக்கிறது. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி வந்தால் டிசம்பர் முழுக்க எங்களுக்குத் தூக்கம் கிடையாது, எல்லாப் புத்தகமும் அதற்கு முன்னால் அச்சுக்குப் போக வேண்டும். அப்படிப் போன ஒன்றில், ஆசிரியரின் நன்றியுரையில், 'மனமாந்த நன்றி' என்று வந்துவிட்டது. மூன்று தடவை பார்த்தவள் நான். காட்சி அரங்கில் நின்றபடி புத்தகத்தைப் பிரித்தால் முதலில் கண்ணில் விழுந்தது அதுதான், அந்த 'ர்' இல்லாத இடம் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. இரண்டு ராத்திரி தூங்கவில்லை. மூன்றாம் நாள் துணிந்து அவருக்குப் போன் செய்து சொன்னேன். "அப்படியா? நான் கவனிக்கவே இல்லையேம்மா, அடுத்த பதிப்பில் பார்த்துக்கலாம்" என்றவர், உடனே அரங்கில் கூட்டம் எப்படி, கேன்டீன் பஜ்ஜி எப்படி என்று போய்விட்டார். அடுத்த பதிப்பில் 'ர்' வந்தது. அதைச் சேர்த்த கையோடு லே-அவுட்டில் வேறொரு பக்கத்தின் எண் காணாமல் போனது.

மற்றவர்கள் செய்யும் வேலை எனக்குப் பிடிப்பதில்லை, நானே திரும்பச் செய்கிறேன். என்ன செய்யலாம்?

ஹெவிட், ஃப்ளெட் சொன்ன இரண்டாவது வகை இது. எங்கள் வீட்டுக்காரர் துண்டை மூன்றாக மடிப்பார், நான் நாலாக. அவர் தூங்கிய பிறகு பிரித்து நாலாக மடித்து அலமாரியில் வைப்பேன். ஒருநாள் பார்த்துவிட்டார். சண்டை எதுவும் போடவில்லை, மடிப்பதை மட்டும் நிறுத்திவிட்டார். அப்புறம் ஏழெட்டு வருடம் அத்தனை துணியையும் நான் ஒருத்தியே மடித்துக்கொண்டு, இந்த வீட்டில் யாரும் கை கொடுப்பதில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தேன்.

இப்போது தினமும் ஏதாவது ஒரு வேலையைத் தொடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். செய்தவர் செய்த விதம்தான் அன்றைக்குச் சரியான விதம். கத்தரிக்காயை அவர் பெரிது பெரிதாக நறுக்குகிறார், சாம்பாரில் அது எப்படியும் வெந்துதான் போகிறது.

என் மகள் ஒரு எழுத்து தப்பினால் பக்கத்தையே கிழிக்கிறாள். திட்டுவதா, விடுவதா?

திட்டினால் அது இன்னொரு தப்பாக அவள் கணக்கில் ஏறும். நீங்கள் தப்பு செய்வதை அவள் பார்க்கட்டும். ராத்திரி சாப்பிடும்போது ஆளுக்கு ஒன்று, இன்றைக்கு என்ன சொதப்பினேன் என்று சொல்லும் வழக்கம் எங்கள் அக்கா வீட்டில் இருக்கிறது. அவர் உப்பு போடாமல் ரசம் வைத்ததையும், அத்தான் மீட்டிங்கில் மைக்கை அணைக்காமல் கொட்டாவி விட்டதையும் கேட்டுப் பிள்ளைகள் உருண்டு சிரிக்கும். அப்புறம் ஒன்று, 'மார்க் முக்கியமில்லை கண்ணு' என்று சொல்லிவிட்டு அடுத்த மூச்சில் எதிர்வீட்டுப் பெண்ணின் மார்க்கைக் கேட்காதீர்கள். பிள்ளைகளுக்கு எந்த வாக்கியம் உண்மை என்று நன்றாகத் தெரியும்.

நடைப்பயிற்சி ஆரம்பித்தேன், 10,000 ஸ்டெப் வராத நாளில் போகவே பிடிப்பதில்லை.

அந்த 10,000 முதலில் ஒரு வியாபாரப் பெயர். 1965இல் ஜப்பானில் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் ஒரு கருவி விற்பனைக்கு வந்தது, அதன் பெயர் மான்போ-கெய், அதாவது பத்தாயிரம் காலடி மானி. எண் கேட்க நன்றாக இருந்தது, நிலைத்துவிட்டது. 2019இல் அமெரிக்காவில் சராசரி 72 வயதான பெண்கள் 16,741 பேரை வைத்துச் செய்த ஆய்வில், நாளைக்குச் சுமார் 2,700 காலடி வைத்தவர்களைவிடச் சுமார் 4,400 வைத்தவர்களிடமே இறப்பு விகிதம் நன்றாகக் குறைந்திருந்தது, 7,500 வாக்கில் அந்தப் பலன் சமனாகிவிட்டது. உங்கள் வயதுக்கு எண் வேறாக இருக்கலாம். தெருமுனைவரை போய்க் கொத்தமல்லி வாங்கிக்கொண்டு வருவதும் நடைதான், போய்விட்டு வாருங்கள்.

இதற்கு ஆப் ஏதாவது பரிந்துரைப்பீர்களா?

மாட்டேன். 47 நாள் விடாமல் செய்தீர்கள் என்று நெருப்புப் படம் காட்டும் ஆப், 48ஆம் நாள் விட்டால் பூஜ்யம் காட்டும். நம் மாதிரி ஆட்களுக்கு அது கொள்ளிக்கட்டையால் தலை சொறிவது. தேதி கிழிக்கும் காலண்டரில் பென்சிலால் ஒரு கோடு போடுகிறேன், மறுநாள் அந்தத் தாள் குப்பைக்குப் போய்விடும்.

இதுவும் ஓசிடியும் ஒன்றா? எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

ஒன்று இல்லை. பெர்ஃபெக்ஷனிசம் தனியாக ஒரு நோயின் பெயர் கிடையாது. ஓசிடியில் வேண்டாத எண்ணங்கள் திரும்பத் திரும்ப வந்து தொல்லை செய்யும், அவற்றை அடக்கக் கை கழுவுவது, பூட்டைப் பார்ப்பது என்று ஒன்றையே மறுபடி மறுபடி செய்ய வேண்டியிருக்கும், அதற்கு முறையான சிகிச்சை வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தும் இருக்கலாம்.

தூக்கம், சாப்பாடு, வேலை இவை வாரக்கணக்கில் கெட்டிருந்தால், எதிலும் பிடிப்பில்லாமல் போயிருந்தால், நோட்டில் மூன்று வரி எழுதிக்கொண்டு காத்திருக்காதீர்கள். சிபிடி என்று சுருக்கமாகச் சொல்லும் பேச்சு சிகிச்சை இதற்கு உதவுகிறது, நானும் சில மாதம் போனேன். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416க்குப் போன் செய்யலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆரம்பித்த டெலி மானஸ் சேவை அது, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே, அந்த மணியிலேயே பேசுங்கள். 'இதைச் சரியாக எப்படிச் சொல்வது' என்று யோசித்துத் தள்ளிப்போடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். உளறினாலும் போதும், கேட்கிறவர்களுக்குப் புரியும்.

நீங்கள் இப்போது முழுசாக மாறிவிட்டீர்களா?

இல்லை. இதையே மூன்று தடவை பார்ப்பது என்று துண்டுத் தாளில் எழுதிவைத்துவிட்டு நாலாவது தடவை பார்த்துக்கொண்டிருக்கிறேன், 9:30 அலாரமும் அடித்து ஓய்ந்தாயிற்று.

மூன்று வரி எழுதுவது இப்போது நாலாவது நோட்டில் ஓடுகிறது. மூன்றாவது நோட்டில் ஒரு தாளைக் கிழித்திருக்கிறேன், போன ஆடி மாதம். என்ன தப்பு எழுதினேன் என்று இப்போது நினைவில்லை. கழன்று வந்த ஜோடித் தாளை மட்டும் செலோடேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன், கொஞ்சம் கோணலாக.